பட்டறைக்கு என்ன சீலிங், என்ன நிறம்?

பட்டறைக்குச் சீலிங் அடிக்கப்போகிறேன் என்று யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "உனக்கென்ன விசரே?" என்றுதான் முதற் கேள்வி வரும். அதிலே நியாயமும் இருக்கிறது. 1990 ஆனியில் யுத்தத்துக்குப் பயந்து இந்தப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. 2010க்குப் பிறகு காணிகள் இராணுவத்திடமிருந்து துண்டு துண்டாக விடுபட்டு, திரும்பி வந்து பார்த்தபோது பல வளவுகளில் சுவர் மட்டும்தான் நின்றது. ஓடில்லை, தீராந்தியில்லை, கதவு நிலைகூட இல்லை. அறைக்குள் முளைத்த வேம்பு சுவருக்கு மேலால் வளர்ந்து நின்றது. அப்படி வந்தவர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை போட்டு முடித்ததே பெரிய காரியம். அதற்குக் கீழே இன்னொரு தட்டு எதற்கு, அதுவும் மரத்தூள் பறக்கிற இடத்துக்கு?

என்னுடைய பட்டறை வீட்டுக் கோடிப்பக்கம் இருக்கிறது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி. சீமெந்துக் கல் சுவர், கூரைக்குச் சீற். உத்தியோகம் முடிந்து வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு அங்கேதான் என் பொழுது போகிறது. கதிரைக்குக் கால் போடுவது, பழைய அலுமாரி திருத்துவது, ஊராருக்குக் குத்துவிளக்குப் பெட்டி செய்து கொடுப்பது. பெரிய ஓடாவி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த அறைக்குள் அதிக நேரம் நிற்கிறவன் நான்தான். ஆகவே சீலிங் பற்றி எனக்குக் கருத்து உண்டு. அடுத்த சித்திரைக்கு முன்னர் பட்டறை கட்ட நினைக்கிற ஆட்கள் பலர் கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறத்தை விடுங்கள். எங்கள் ஊரில் சீலிங் என்பது முதலாவதாக வெயிலுக்கான ஏற்பாடு. தெல்லிப்பழை பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9.8 பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை எங்கள் உச்சிக்கு நேரே நிற்கும். முதலாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். இரண்டாவது ஆவணிக் கடைசியில். அந்த நாட்களில் மத்தியானம் மேகமில்லாவிட்டால் ஒரு சதுர மீற்றர் கூரையில் ஏறக்குறைய ஆயிரம் வாற்று வெயில் விழும். என் பட்டறைக் கூரை இருபது சதுர மீற்றர். இருபது மின் அழுத்திகளைத் தலைக்கு மேல் எரியவிட்டது மாதிரி என்று வையுங்கள். பழசாகிக் கறுத்த சீற் அதில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சீற் சூடேறினால் என்ன நடக்கிறது? பலர் நினைப்பது, உள்ளே இருக்கிற காற்றுச் சூடாகிறது, விசிறி போட்டால் சரி என்று. விசிறி காற்றைத்தான் தள்ளும். சூடான சீற்றின் கீழ்ப்பக்கம் கதிர்களாக வெப்பத்தைக் கொட்டும். அது காற்றைக் கேட்டு வருவதில்லை. நேரே உச்சந்தலைக்கும் தோளுக்கும் வரும். மேசைக்கு மேலே குனிந்து உளி பிடிக்கிற ஆளுக்குப் பிடரியில் இறங்கும். விசிறி முழு வேகத்தில் சுற்றும்போதும் பட்டறைக்குள் நிற்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தக் கதிரை மறிக்க ஏதாவது ஒன்று நடுவில் வரவேண்டும். சீலிங்கின் முதல் வேலை அது.

அலுமினியத் தாள் இங்கே நல்ல வேலை செய்யும், ஆனால் எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் தன்னிடம் உள்ள வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு, ஐந்து வீதத்துக்குள். ஆனால் சீற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் தொடுகையாலேயே சூடு கடந்துவிடும், பிறகு தாளுக்குக் காசு கொடுத்ததற்குப் பலனில்லை. சீற்றுக்கும் தாளுக்கும் இடையில் இடைவெளி, தாளுக்கும் சீலிங்குக்கும் இடையில் இன்னொரு இடைவெளி. பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கவேண்டும். மேலே பார்த்தால் ஒரு சோளகத்துக்குள் புழுதி படிந்து மங்கிவிடும். கைமரங்களின் கீழ்ப்பக்கத்தில் தாளை இழுத்து அடித்து, அதற்கு அரை அடி கீழே சீலிங்கைத் தொங்கவிட்டேன். இரண்டு முக்கோணச் சுவர்களிலும் முகட்டுக்குக் கிட்ட காற்றுத் துவாரம் விட்டு, அவற்றுக்குக் கம்பி வலை அடித்திருக்கிறேன்.

வலை எதற்கு என்று கேட்கிறவர் யாழ்ப்பாணத்தில் இருந்ததில்லை என்று அர்த்தம். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இடம் விட்டால் முதலில் குடிவருவது மரநாய். இரவு பன்னிரண்டு மணிக்கு ஓட்டப்போட்டி நடத்தும். அது கழிக்கும் இடத்தில் சீலிங் மஞ்சளாக ஊறி வரும், அந்தக் கறைக்கு மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் திரும்ப எட்டிப் பார்க்கும். மரநாய்க்கு அடுத்தது எலி, அணில். ஆகவே நிறம் தெரிவதற்கு முதல் வலை தெரியுங்கள்.

இனிப் பலகை. கடைக்காரர் முதலில் காட்டுவது ஐ-பனல். பிளாஸ்ரிக், இலேசு, கழுவலாம், கறையான் தொடாது, ஒரே நாளில் வேலை முடியும். வீட்டு அறைக்குச் சிலர் விரும்புகிறார்கள், சரி. பட்டறைக்கு நான் வேண்டாம் என்பேன். பி.வி.சி. 75 - 80 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சீற்றுக்குக் கீழே வெப்பமறிப்பு இல்லாமல் அடித்த ஐ-பனல் சில வெயில் காலங்கள் கண்டதும் நடுவில் தொய்ந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைவிட எனக்குப் பயம் நெருப்பு. பட்டறையில் கிறைண்டர் பொறி பறக்கும், மரத்தூளும் பறக்கும், பொலிஷ் போத்தலும் திறந்திருக்கும். பி.வி.சி. எரிந்தால் வரும் புகையில் ஐதரசன் குளோரைட் இருக்கிறது. நுரையீரலுக்கு நஞ்சு, தப்பி ஓடினாலும் உள்ளே இருக்கிற உளி, சீவுளி, வாள் எல்லாம் அந்த அமிலப் புகையில் துருப்பிடிக்கும். கடைசியாக, அதன் மினுக்கம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜிப்சம் பலகை பார்க்க அழகு. ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு வரும் மழை சீற்றின் ஆணித் துவாரத்தால் ஒரு சொட்டு விட்டால் போதும், ஊறித் தொய்ந்து கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமினியச் சட்டத்துக்குள் இரண்டுக்கு இரண்டாக வைக்கிற பலகைகள் கந்தோருக்குச் சரி. பட்டறைக்குள் வேகமான காற்றுப் புகுந்தால் அவை எழும்பி எழும்பி விழும், ஒவ்வொரு தடவையும் மேலே கிடக்கிற தூசியைக் கொட்டும். பிளைவூட் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த இடத்திலும் ஆணி இறுக்கலாம், லைற்றைத் தொங்கவிடலாம். ஆனால் எங்கள் மண்ணில் கறையானுக்கு விருந்து வைக்கிற துணிவு வேண்டும்.

எனக்குச் சரிவந்தது அஸ்பெஸ்டஸ் கலக்காத பைபர் சீமெந்துப் பலகை. எரியாது, கறையான் தின்னாது, ஈரம் பட்டால் உப்பாது, பெயின்ற் பிடிக்கும். குறை, பாரம். எட்டுக்கு நாலு அடியில் 6 மில்லிமீற்றர்ப் பலகை ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. அண்ணாந்துகொண்டு அதைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், மூன்றாவது ஆள் இறுக்கவேண்டும். ஆணி அடிக்காதீர்கள், திருகாணிதான். நாளைக்கு வயர் இழுக்கவோ, செத்த எலியை எடுக்கவோ ஒரு பலகையைக் கழற்றவேண்டி வரும். வந்தே தீரும்.

உயரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறம் தெரிவதில் மூழ்கி இதை மறந்துவிடுகிறார்கள். எட்டுக்கு நாலு பலகையை நிமிர்த்தி நிறுத்தும்போது அதன் மூலை மேலே போகிற உயரம் எட்டடி அல்ல. மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், எட்டடி பதினொரு அங்குலம். சீலிங் ஒன்பதடியில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொண்டுதான் திருப்பவேண்டும். பத்தடி வையுங்கள். சீலிங் விசிறியும் வேண்டாம். நீளமான சட்டம் தூக்கித் திரும்பும் இடத்தில் அது ஆபத்து, லைற்றுக்குக் கீழே சுற்றினால் மேசை முழுவதும் நிழல் வெட்டும். சுவர் விசிறி போதும்.

இப்போது நிறம். இதில்தான் பக்கத்து வளவுத் தம்பியோடு எனக்கு வாக்குவாதம். அவன் யூரியூப்பில் பட்டறை வீடியோக்கள் பார்க்கிறவன், கொழும்புக் கபேகளும் கண்டவன்.

"அண்ணை, மேல முழுக்கக் கறுப்பு அடியுங்கோ. சட்டம், வயர், பைப் ஒண்டும் தெரியாது. ஊத்தையும் தெரியாது."

"ஊத்தை தெரியாட்டில் இல்லையெண்டு அர்த்தமே?"

"அப்பிடியில்ல அண்ணை, கறுப்பெண்டால் உயரமாத் தெரியும்."

உண்மைதான், கபேயில் உயரமாகத் தெரியும். கபேயில் கோப்பி குடிக்கிறோம். பட்டறையில் பென்சில் கோட்டின் எந்தப் பக்கத்தால் வாள் போகிறது என்று பார்க்கிறோம். கணக்கைச் சொன்னேன். நாலடி எல்.ஈ.டி. ரியூப் ஒன்று ஏறக்குறைய 2000 லூமன் தரும். ஆறு ரியூப் போட்டால் 12,000. அதை இருபது சதுர மீற்றரால் பிரித்தால் 600 லக்ஸ். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரியூப்பிலிருந்து வரும் வெளிச்சம் முழுவதும் மேசைக்கு வருவதில்லை. ஒரு பங்கு சீலிங்குக்கும் சுவருக்கும் போகும். அவை எவ்வளவைத் திருப்பித் தருகின்றன என்பதுதான் நிறம். நல்ல வெள்ளை 80 வீதத்துக்கு மேல் திருப்பித் தரும். வெளிர் மஞ்சள் அதற்குச் சற்றுக் குறைய. வெறும் சீமெந்துச் சாம்பல் மூன்றிலொரு பங்கு அளவில் நிற்கும். கறுத்த மரம் பத்து, பதினைந்து. கறுப்புப் பெயின்ற் ஐந்து வீதமும் தராது. கறண்ட் பில் நான் கட்டுகிறேன், வெளிச்சத்தைச் சீலிங் தின்பதா?

மரவேலைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிர்ணயம் சொல்கிறது. மேசையில் பொருத்துதல், ஒட்டுதல் போன்றவற்றுக்கு 300 லக்ஸ். மெசினில் அறுப்பதற்கு 500. பொலிஷ், பெயின்ற், நுணுக்கவேலைக்கு 750. கண்ணாடி போட்ட வயதில் நான் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்பேன்.

வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல, அது வரும் திசையும் முக்கியம். கறுப்புச் சீலிங்கில் வெளிச்சம் ரியூப்பிலிருந்து மட்டும் வரும், ஆகவே நிழல் கத்தி வெட்டாக விழும். உளியின் நுனி எங்கே பதிகிறதோ அதே இடத்தில் கையின் நிழல் விழுந்து கோட்டை மறைக்கும். வெள்ளைச் சீலிங்கில் மேலே முழுவதுமே மெல்லிய விளக்காகிவிடும். எல்லாப் பக்கத்தாலும் வெளிச்சம் இறங்கி அந்த நிழலைக் கரைத்துவிடும். பொழியடித்த துளையின் உள்மூலையைப் பார்ப்பதற்கு இதைவிட வேறு வசதி இல்லை.

சரி, வெள்ளை. எந்த வெள்ளை? கடையில் அட்டையைப் பார்த்தால் தலை சுற்றும். நீலம் கலந்தது, பச்சை கலந்தது, பால் நிறம், முட்டைக்கோது நிறம். பழைய காலத்தில் எங்கள் வீடுகளுக்கு வெள்ளை அடிக்கும்போது சுண்ணாம்போடு துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலப்பார்கள். சுண்ணாம்பின் இலேசான மஞ்சளை நீலம் அடித்து, கண்ணுக்குப் பளிச்சென்று காட்டும். எங்கள் பகுதி சுண்ணாம்புக் கல்லின் மேலேயே நிற்கிறது. கிணறு வெட்டினால் கல், சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. அந்தக் கல்லை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது, 1990இல் யுத்தத்தோடு நின்றது. சுண்ணாம்பு அடித்த சுவரில் பூஞ்சணம் இலகுவில் வராது, அதன் காரத்தன்மை விடாது. பட்டறைச் சுவருக்கு இன்றைக்கும் அது நல்லது என்பேன். சீலிங்குக்கு மட்டும் வேண்டாம். காலம் போகப் போகப் பொடியாகி, பொலிஷ் காயும் மேசையில் விழும்.

நீலமும் பச்சையும் கலந்த வெள்ளையை நான் தவிர்த்ததற்குக் காரணம் வேறு. சீலிங்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன் நிறத்தையும் கொண்டுவரும். முதிரைப் பலகையின் பொன்மஞ்சளை நீலச் சாயல் மங்கவைக்கும். சாயம் ஏற்றிய கதிரையை வாங்கிக்கொண்டு போனவர் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "நிறம் மாறிப்போச்சே" என்று திரும்பி வருவார். பொலிஷ் வேலை செய்கிறவருக்குச் சாயலில்லாத வெள்ளைதான். தேடவும் தேவையில்லை, எல்லாக் கொம்பனிகளும் விற்கிற சாதாரண பிரில்லியன்ற் வெள்ளையே போதும். சுவருக்கு வேண்டுமானால் கீழே மூன்றடிக்குச் சாம்பலோ பச்சையோ பூசுங்கள், ஊத்தை தாங்கும். மேலே வெள்ளை.

நிறத்தைவிடப் பூச்சின் மினுக்கத்தில்தான் ஆட்கள் பிழைவிடுகிறார்கள். "எனமல் அடியுங்கோ, துடைக்கலாம்" என்பார் பெயின்ற்காரர். மினுங்குகிற சீலிங்கில் ஒவ்வொரு ரியூப்பும் இன்னொரு முறை தெரியும். நீளப் பலகை வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தால் பார்க்கிறீர்கள், அதே நேரம் மேலேயிருந்து வெளிச்சக் கீறு கண்ணில் குத்தும். ஐ-பனலோடு எனக்கிருந்த மனக்குறையும் இதுதான். இன்னொன்று, எண்ணெய்ப் பெயின்ற் வெயில் படாத இடத்தில் காலப்போக்கில் மஞ்சளாகும். வெள்ளை அடித்ததன் பலன் போய்விடும். பைபர் சீமெந்துப் பலகையில் காரம் இருப்பதால் எண்ணெய்ப் பூச்சு அதில் நின்று பிடிக்கவும் மாட்டாது, சவர்க்காரமாகி உரியும். காரம் தாங்கும் பிறைமர் ஒரு கை, மினுக்கமில்லாத எமல்சன் இரண்டு கை. அவ்வளவுதான். மினுக்கமில்லாத பூச்சு பலகை மூட்டுகளின் மேடுபள்ளத்தையும் மறைக்கும்.

"தூசு பிடிக்குமே?" பிடிக்கும். எந்தப் பூச்சிலும் பிடிக்கும். வெள்ளையில் அது தெரியும், அதைத்தான் நான் விரும்புகிறேன். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995லேயே முதலாம் வகுப்பில் போட்டுவிட்டது. சீலிங் பழுப்பாகிறது என்றால் அந்தத் தூளைத்தான் மூக்காலும் இழுக்கிறேன் என்று விளங்கும். முகமூடியைத் தேடுவேன். புள்ளி புள்ளியாக, கரடுமுரடாகப் பூசுகிற அலங்காரப் பூச்சுகள் பட்டறைக்கு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு மேட்டிலும் தூள் குந்தியிருக்கும். சீலிங்கைத் தும்புத்தடியால் தட்டாமல், உறிஞ்சும் மெசினின் பிரஷ் வைத்து இழுங்கள்.

ஓட்டுக் கூரை உள்ளவர்களுக்கு வேறு கதை. பனஞ்சிலாகையும் ஓடும் சேர்ந்த கூரை மூச்சுவிடும், சீற் அளவுக்கு வெக்கையும் இறக்காது. வைரம் பாய்ந்த பனை கறுப்பு, வெளிச்சத்தைத் தின்னும், உண்மை. அதற்காக அந்தச் சிலாகைக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்க எனக்கு மனம் வராது. ரியூப்பைக் கைமரத்துக்குக் கீழே இறக்கித் தொங்கவிட்டு, சுவரை வெள்ளையாக்கினால் சமாளிக்கலாம். இது தொழில்நுட்பம் அல்ல, என் விருப்பம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. உங்கள் கூரைச் சீற் பழசென்றால் அது பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ். எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமில்லை. இலங்கை 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்தது. 2017 மார்கழியில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. எங்களுக்கு அதிகமாக அஸ்பெஸ்டஸ் விற்ற நாடும் அதுதான். கொழும்பு கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, தேயிலைக்கு வழி திறந்தது. சீற் எங்கள் தலைக்கு மேல் நின்றுவிட்டது. இலங்கையின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் சனம் நடந்து சேர்த்த பணத்தில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது.

உடையாத, அசையாத சீற் தன்பாட்டில் கிடந்தால் நார் பறப்பது குறைவு. அறுத்தால், துளைத்தால், காய்ந்தபடி உரஞ்சினால்தான் அதிகமாகப் பறக்கும். ஆகவே சீலிங் வேலை தொடங்கும் நாளில் ஓடாவியிடமும் வயறிங் செய்ய வருகிற பொடியனிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்: சீலிங் சட்டத்தைச் சுவரிலிருந்து சுவருக்குப் போடவேண்டும், கூரைச் சீற்றில் ஒரு துளையும் விழக்கூடாது. கீழ்ப்பக்கத்தைக் கம்பிப் பிரஷால் சுரண்டவேண்டாம், மேல்பக்கப் பாசியை உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவவேண்டாம். உடைந்த துண்டு இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, பொலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள், வளவுக்குள் எறிந்து மிதிபட விடாதீர்கள். எந்த ஆண்டுச் சீற் என்று தெரியாவிட்டால் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.